பஸ்ராவிலிருந்து வந்த பெட்டி

ஆடி 10, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. வேலை இல்லை. சட்டை இரண்டு தோய்த்துப் போட்டது வீண், காயாது.

கரையான். அஞ்சலை கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள், அடிப்பலகை தரையிலேயே தங்கிவிட்டது. உள்ளே எண்ணெய்த் துணி சுற்றிய உருப்படி மட்டும் கையில் வந்தது. தரையில் வைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுப் பெட்டி செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

நாலு வருஷமாக என் வீட்டில் இருக்கிற பெட்டி. இந்த நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. திருப்பிப் பார்த்தேன். லைட் வேலைக்குப் போன வீடுகளின் மீட்டர் நம்பர் எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

அஞ்சலையின் முதல் புருஷன் காத்தமுத்து. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் இன்ஜின் ஓட்டியவன். பெரிய சண்டையின்போது அந்தத் தோட்டத்துச் சின்னத் துரை ஆகாயக் கப்பல் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா போனார். காத்தமுத்துவையும் கூடவே கூட்டிப் போனார். முதல் வருஷம் பெரிய துரைக்கு வரும் கடிதத்தில் அவன் சுகம் என்று ஒரு வரி இருக்குமாம். பிறகு கடிதம் நின்றது. சண்டை முடிகிற வருஷம் இந்தப் பெட்டி வந்தது. மேலே அவன் பேர், தோட்டத்துப் பேர். வேறு காகிதம் இல்லை. உள்ளே இரண்டு பக்கமும் அடைத்த இரும்பு உருப்படி.

துரைமார் செத்தால் சாமான்கள் இப்படித்தான் பெட்டியில் வரும் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னாராம். அப்படியென்றால் இது சாம்பல்தான் என்று கங்காணி சொன்னாராம். அதோடு முடிந்தது. பெட்டியை வாழையிலையில் வைத்துப் பால் ஊற்றிப் பதினாறாம் நாள் கருமாதி செய்து அஞ்சலைக்குத் தாலி அறுத்தார்கள். ஆற்றில் கரைக்க அதைத் திறக்கத் தெரியவில்லை. தோட்டத்தில் ஸ்குரு வேலை தெரிந்த ஆள் காத்தமுத்து ஒருவன்தான்.

அவர்களில் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. அந்தத் தோட்டத்துப் பங்களாவுக்கு லைட் போடப் போன இடத்தில் பார்த்து, கேட்டு, கட்டிக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணி மூட்டையும் இந்தப் பெட்டியுமாக சிலிபினில் என் வீட்டுக்கு வந்தாள். வருஷத்துக்கு ஒரு நாள் அதற்கு வெற்றிலை, கற்பூரம். அந்த நேரம் நான் வெளியே போய் நிற்பேன். செத்தவனோடு எனக்கென்ன பொறாமை.

இப்போது விஷயம் என்னவென்றால், பிள்ளை. முதலாவது வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது போன தையில், ஒன்பது நாள் இருந்தது. கரைக்காத அஸ்தியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால் பிள்ளை எப்படித் தங்கும் என்று கோயில் பண்டாரம் கேட்டாராம், அஞ்சலை சொன்னாள்.

“ஆடி அமாவாசைக்கு ஆத்துல கரைச்சிருவோம். நீங்கதான் தொறந்து குடுக்கணும். இந்த மாதிரி வேல தெரிஞ்ச கை உங்க கைதானே.”

சரி என்றேன். அமாவாசைக்கு இன்னும் பதினாலு நாள். எனக்கு ஒரு மணி நேர வேலை.

ஆடி 11, திங்கள்

மழை விட்டது. புழுக்கம்.

பழைய டவுன் துணிக்கடை - பியூஸ் 2.
சினிமாக் கொட்டகை - விசிறி, கரி பிரஷ் தேய்வு. நாளை.
ஸ்டேஷன் ரோடு டாக்டர் வீடு - பெல் அடிக்கவில்லை. எலி.

சாயங்காலம் துணியைப் பிரித்துப் பார்த்தேன். அஞ்சலை முதலில் கும்பிட்டாள், பிறகு கையில் கொடுத்தாள். பத்து கட்டி, பதின்மூன்று ராத்தல் எடை இருக்கும். ஒரு முனை கூர், வாழைப்பூ மாதிரி. மறு முனையில் தகரத் தொப்பி ஒன்று ஈயம் வைத்து அடைத்திருக்கிறது. உடம்பு கம்பெனி வார்ப்பு, தொப்பி யாரோ கையால் செய்தது. ஈயப் பற்று நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. நான் வைத்தால்கூட இவ்வளவு சுத்தமாக வராது. பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு, இங்கிலீஷ் எழுத்து, அம்புக்குறி.

சாம்பல் போட இவ்வளவு கனத்தில் யார் வார்ப்பு செய்வார்கள்? சர்க்கார்க்காரன் செய்வான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு நாகலிங்கத்தாரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவை ஆபீஸில் கிளார்க். கண்ணாடி போட்டுத் தகட்டைப் படித்தார். நம்பர்தான் இருக்கிறது, மனிதன் பேர் ஒன்றும் இல்லை, அம்பு சர்க்கார் முத்திரை என்றார். பிறகு முகம் மாறியது.

“வேலாயுதம், உதைக் கொண்டுபோய் வெளியில வையும். உது குண்டெண்டுதான் நான் நினைக்கிறன்.”

சம்சாரத்தையும் பிள்ளைகளையும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். எட்டு வருஷமாகக் கற்பூரம் காட்டியும் வெடிக்காத குண்டா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. இப்போதும் அவர் வீட்டில் சன்னல் எல்லாம் மூடியே இருக்கிறது.

ஆடி 13, புதன்

தலைவலி.

உருப்படியை டவுன் இரும்புப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பார்த்துப் பிடிங்க, சாய்க்காதீங்க என்று அஞ்சலை தெருமுனைவரை வந்தாள். பட்டறை போர்மேன் ஆ லோக், சீனன், என் பழைய சினேகிதன், ஏன் என்று கேட்காமல் ஒரு மேசையைக் கொடுத்தான்.

விழுந்து கும்பிட்டேன். அதுதான் முறை. தொப்பியின் ஈயத்தை உருக்கி எடுத்தேன். உள்ளே ஓர் இரும்புத் தண்டு, விரல் நீளம், கிரீஸ் பூசி சணல் சுற்றியிருந்தது. கையால் திருப்பினேன். திரும்பியது.

சாம்பல் செம்பில் திரும்புகிற தண்டு இருக்காது. அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் முன் தட்டின் நாலு ஸ்குருவையும் கழற்றினேன். பிரஷ். செப்புத் துண்டுகள் வட்டமாக அடுக்கிய உருளை. அதற்குப் பின்னால் கம்பிச் சுற்று, நகக்கண் அளவுகூட எங்கும் பிசகாமல்.

டைனமோ.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. அரைமணி நேரம் அஞ்சலையும் இல்லை, காத்தமுத்துவும் இல்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆ லோக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

பிறகுதான் உறைத்தது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாம்பல் இல்லை என்றால் சாவுக்கு என்ன அத்தாட்சி? ஒன்றும் கிடையாது. எதற்குக் கருமாதி செய்தார்கள்? எதைப் பார்த்துத் தாலியை அறுத்தார்கள்? நான் யாருடைய பெண்டாட்டியோடு நாலு வருஷம் இருக்கிறேன்?

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றாள். பழைய ஈயம், இறுகிப்போயிருக்கிறது, நாள் எடுக்கும் என்றேன். மெதுவாச் செய்ங்க, அவசரம் இல்ல என்றாள்.

ஆடி 14, வியாழன்

சொல்லவில்லை.

என்ன சாமான் என்று தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று ஒரு சாக்கு. ஆ லோக் முதலில் மோட்டார் கார் டைனமோ என்றான். காரில் இந்தக் கூர்முனை எதற்கு என்றேன். மோட்டார் படகு என்றான். படகில் காற்றோ தண்ணீரோ உள்ளே போகாதபடி இப்படி மூட வேண்டியதில்லை. பிறகு மின்விசிறி என்றான். எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வருஷமாக விசிறி கழற்றுகிற ஆளிடம் விசிறி என்கிறான்.

கடைசல் மெஷினில் மாட்டி, தோல் வாரைப் போட்டுச் சுற்றவிட்டோம். பக்கவாட்டு மூடிக்குள் நாலு முனை. இரண்டில் தடித்த கம்பி, இரண்டில் மயிர் போன்ற கம்பி. தடித்த முனையில் கார் விளக்கு ஒன்றை வைத்தேன், எரிந்தது. மேலே மூடியிருந்த கட்டைத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இந்த மற்ற இரண்டும் எதற்கு என்று விரல் வைத்ததுதான் தெரியும். சுவரோரம் கிடந்தேன். ஆ லோக் முகத்தில் தண்ணீர் அடித்தான். ஒரே உடம்பில் இரண்டு மின்சாரம், ஒன்று பூனை, ஒன்று புலி. இப்படி ஒன்று இந்த ஊரில் கிடையாது.

வலது கை இன்னும் மரத்தே இருக்கிறது. எழுத்து கோணல். அஞ்சலை கையைப் பிடித்துத் தைலம் தடவினாள். என்னாலதானே உங்களுக்கு இது என்றாள். கையை இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை.

ஆடி 17, ஞாயிறு

சிம்பாங் பூலாய். ஈயச் சுரங்கத்துப் பம்பு மோட்டார் பார்க்கப் போகும் வேலை. நல்ல வெயில்.

அங்கே இன்ஜினியர் துரை காலை இழுத்து நடப்பவர். சண்டையில் ஆகாயக் கப்பலிலிருந்து விழுந்தவர் என்று கூலிகள் பேசிக்கொள்வார்கள். மோட்டார் வேலை முடிந்ததும் சாக்கைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். எங்கே கிடைத்தது என்று மலாயில் கேட்டார். கையை அதன் முதுகில் வைத்தவர் எடுக்கவில்லை.

துரை சொன்னது: இது ஆகாயக் கப்பலின் வெளியே, சக்கரக் கால் பக்கம் தொங்கும். முன் தண்டில் சின்ன மரக் காற்றாடி ஒன்று மாட்டியிருக்கும், இதில் அது இல்லை. பறக்கும்போது காற்றே அதைச் சுற்றும். பின்னால் இருக்கும் கூர்முனை காற்று இழுக்காமல் வழுக்கிப் போக. மின்சாரம் கம்பியில்லாத் தந்திக்கு. தடித்த கம்பி தந்தி மெஷினின் கண்ணாடிக் குழாயைச் சூடாக்க, மெல்லிய கம்பி தந்தி அனுப்ப. மேலே போகிற இரண்டு பேருக்கும் வாய் இதுதான் என்றார். இது நின்றுவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு நாங்கள் செத்த கணக்கு என்றார்.

ஆக இன்னதென்று தெரிந்துவிட்டது. காற்றாடி டைனமோ. வெற்றி என்று எழுத வேண்டிய இடம்.

யாராவது இதில் சாம்பல் வைத்து அனுப்புவார்களா என்று கேட்டேன். சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உட்காரச் சொன்னார். சொன்னேன், எல்லாம். இந்த ஊரில் நான் சொன்ன முதல் ஆள் ஒரு வெள்ளைக்காரர்.

அங்கே செத்த கூலி ஆட்களுக்குச் சாம்பல் அனுப்புகிற வழக்கமே இல்லை என்றார். அங்கேயே புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள், ஊருக்குக் காகிதம் போகும். காகிதம் வந்ததா? இல்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறானா? அதுவும் சொல்ல முடியாது, காகிதம் தவறிப்போவது உண்டு. எழுதிக் கேட்கலாமா? கேட்கலாம், பட்டாள நம்பர் இல்லாமல் வேலைக்காரன் ஒருவனை எங்கே தேடுவார்கள் என்றார். போகும்போது கை கொடுத்தார்.

ஆடி 19, செவ்வாய்

ஒரு வீடு, மூன்று லைட். முடியவில்லை. சுவரில் ஓட்டை போட்டது தப்பான இடம், வீட்டு முதலாளி தவுக்கே சத்தம் போட்டார்.

அஞ்சலை புதுக் கலயம் வாங்கியிருக்கிறாள். வெள்ளைத் துணி, எள், மஞ்சள். பண்டாரத்திடம் பேசியாகிவிட்டது. இந்த நாலு வருஷத்தில் அவள் முகம் இப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுக்கிறாள். இது முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிரும், பாருங்க என்கிறாள். எல்லாம் என்றால் பிள்ளை.

இரண்டு வழி.

சொல்லலாம். சொன்னால் அவள் அறுத்தது பொய், நான் கட்டியது பொய். அவளை எனக்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லுகிற மனுஷி இல்லை.

சொல்லாமல் விடலாம். அதற்கு ஒரு கலயம் சாம்பல் போதும்.

எழுதினால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு நஷ்டம்? அவள் அழுவாள், கரைப்பாள், முழுகி எழுவாள், அதோடு தீரும். அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி மாவுச் சல்லடையில் சலித்தேன். பால் டின்னில் போட்டு மூடிப் பட்டறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அஸ்தியில் எலும்பு இருக்கும். அதற்கு என்ன செய்வது என்று யோசித்தேன். யோசித்த என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும். எலும்பு தேடிப் போகவில்லை. பொடியாக வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆடி 20, புதன்

கையில் பிடித்துக் காட்ட வேண்டும் என்றால் உருப்படிக்குள்ளேதான் சாம்பலைப் போட வேண்டும். அவள் கண் முன்னால் அதிலிருந்து கொட்ட வேண்டும். பின்பக்கம் அந்தக் கூர்மூடிக்குள் இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இதுவரை அதைத் திறக்கவில்லை. ஸ்குரு மூன்றும் துரு. எண்ணெய் விட்டு ஊறவைத்து மத்தியானம் கழற்றினேன்.

உள்ளே இரண்டாவது செப்பு உருளை, மெல்லிய கம்பிக்கு. மூடியின் குழிவில் ஒரு துணி முடிச்சு. சேலைக் கிழிசல், மஞ்சள் கரை.

பிரித்தேன். ஒரு பல்பு. நெல்லிக்காய் அளவு. உடையவில்லை. அதில் இரண்டு கம்பி முறுக்கிக் கட்டியிருக்கிறது, நாலு முழ நீளம், சுருட்டி வைத்தது. கம்பியின் மறுமுனை இரண்டும் சுரண்டி, ஈயம் தோய்த்து, கொக்கியாக வளைத்து. தடித்த முனையின் மரைக்குச் சரியாக உட்காரும் கொக்கி. மெல்லிய முனைகளுக்குக் கட்டைத் துண்டு செதுக்கி மூடி போட்டிருந்ததும் அவன்தான், யாரும் தொடக்கூடாதென்று. அன்று அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் நான் அடி வாங்கினேன்.

எழுத்து இல்லை. அவனுக்கு எழுதத் தெரியாது. ஆனால் என் தொழில்காரன் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லியிருக்கிறான். இப்படி மாட்டு, இதைச் சுற்றவிடு, இது எரியும்.

காத்தமுத்து உயிரோடு இருந்து, உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு விளக்கைக் கட்டி அனுப்பியிருக்கிறான். தோட்டத்து லயத்தில் அவன் வீட்டில் எரிய. வந்து ஸ்டோர் இன்ஜின் வாரில் மாட்டிச் சுற்றவிடலாம் என்று நினைத்திருப்பான். அந்தச் சேலை அவளுடையது, போகும்போது எடுத்துப் போயிருப்பான். அதற்குத்தான் அவர்கள் பால் ஊற்றினார்கள்.

பால் டின் மேசையில் இருந்தது. எடுத்துக் குப்பையில் கொட்டினேன். ஆ லோக் பார்த்தான். கோப்பி வாங்கிக் கொடுத்தான்.

ஆடி 21, வியாழன்

மழை, இடி. மார்க்கெட் பக்கம் லைன் அறுந்து அங்கேயே பொழுது போனது.

அழுதேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது. நான் அஞ்சலைக்கு நாலு வருஷத்தில் என்ன செய்தேன்? ஊரெல்லாம் லைட் போடுகிறேன். என் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. வீட்டுக்காரன் கம்பி இழுக்க விடமாட்டான் என்பது நிஜம்தான். நான் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை என்பதும் நிஜம்.

ஆடி 22, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன். உப்பு வேணுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆடி 23, சனி

வீடு மெழுகிக் கோலம் போட்டாகிவிட்டது. அவளும் உபவாசம், நானும் உபவாசம். உருப்படியைப் பழையபடி பூட்டி, பல்பையும் உள்ளேயே வைத்து, வெள்ளைத் துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூடி இளகித்தான் இருக்கிறது, ஆற்றங்கரையில் திறந்துகொள்ளலாம் என்று சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை.

நாளை அவள் கையில் கொடுத்துவிட்டு என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஆடி 24, ஞாயிறு. அமாவாசை

நடந்ததை நடந்தபடி.

விடிகாலை ஆற்றுக்குப் போனோம். நல்ல கூட்டம். பண்டாரம் மணலில் இலை போட்டார். அஞ்சலை ஈரச் சேலையோடு உட்கார்ந்தாள், உருப்படி மடியில். எள்ளை அவள் உள்ளங்கையில் வைத்துப் பண்டாரம் கேட்டார், இறந்தவர் பேர் என்ன.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாதென்று அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டிய இடம். காத்தமுத்து என்று நான் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

மண்டி போட்டு அவள் காதோரம் சொன்னேன். இதில் சாம்பல் இல்லை, அஞ்சலை. இருந்ததே இல்லை. இது ஆகாயக் கப்பல் சாமான். உனக்கு ஒரு விளக்கு அனுப்பியிருக்கிறான்.

முதலில் புரியவில்லை. மூடியைத் திறந்து துணி முடிச்சைக் கையில் வைத்தேன். கரையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். என் நாகூர்ச் சேலை என்றாள். விரலால் அந்தக் கரையைத் தடவினாள்.

“அப்போ அவரு எங்க?”

தெரியாது என்றேன். யாருக்கும் தெரியாது என்றேன். பண்டாரம் குனிந்து, வந்ததுதான் வந்தீர்கள், எட்டு வருஷம் ஆயிற்று, செத்ததாக வைத்தே செய்துவிடலாம் என்றார்.

“உசுரோட இருக்கிற ஆளுக்கு எள்ளு எறைக்கச் சொல்றீங்களா, சாமி?”

கையில் இருந்த எள்ளை மணலில் உதறிவிட்டு எழுந்தாள். ரயில் கேட் தாண்டியதும் நின்றாள். எரியுமா என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டு. ஆ லோக் பின்னால்தான் குடியிருக்கிறான். தட்டினேன். என்னைப் பார்த்தான், பின்னால் ஈரச் சேலையோடு நிற்பவளைப் பார்த்தான், சாவி எடுத்து வந்தான். கடைசலில் மாட்டினோம். கொக்கி இரண்டையும் நான் மரையில் போட்டு இறுக்கினேன். வார் ஓடத் தொடங்கியது, முதலில் ஒன்றும் இல்லை, பிறகு நூல் மாதிரி சிவப்பு, பிறகு வெள்ளை.

பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை. பகல் வேறு. பக்கத்தில் போய்க் குனிந்து நின்றாள். அழவில்லை. ஆ லோக் போதுமா என்று என்னைக் கேட்டான். அவள்தான் பதில் சொன்னாள்.

“இன்னுங் கொஞ்சம் ஓடட்டும்லா.”

ஓடவிட்டோம். வார் சூடேறி மணம் வந்தபிறகுதான் நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்து உபவாசம் விடவில்லை. உலை வைத்தாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள், சத்தம் உயரவில்லை. நான் அறுத்தது தப்பு, அதுக்கு மேல நீங்க கட்டுனதும் தப்பாப் போச்சு, ரெண்டு புள்ளைங்களும் அதனாலதான் நிக்கல என்றாள். அதனால் இல்லை என்றேன். எட்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லாதவன் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

“உங்க மேல குத்தமே இல்ல. சொல்லாம கரைச்சிருக்கலாம் நீங்க. சொன்னீங்க பாருங்க, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடணும்.”

போக இடம் இல்லை, தோட்டத்தில் இப்போது அவளுக்கு யாரும் இல்லை. பின்கட்டில் படுத்துக்கொள்கிறேன், சமைத்துப் போடுகிறேன் என்றாள். குளித்து வந்து நோட்டைத் தேடினேன். அதன் மேல் தாலிக்கயிறு இருந்தது, அறுக்காமல், முடிச்சு அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்தாள்.

ஆடி 25, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

டாக்டர் வீட்டு பெல். மீண்டும் எலி.
துணிக்கடை - புது விளக்கு 1.
நாகலிங்கத்தார் - பட்டாள ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டேன். பேர், தோட்டம், அவன் பஸ்ராவுக்குப் புறப்பட்டுப் போன வருஷம். சரி என்றார். பதில் வரும் என்று நம்பாதையும் என்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். இலை போட்டிருந்தது, ஒரு இலை. தண்ணீர்ச் செம்பு. எப்போதும் எதிரே உட்கார்ந்து பரிமாறுவாள். இன்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“சோறு எடுத்து வச்சிருக்கேன். கை கழுவிட்டு வாங்க, அண்ணே.”

கை கழுவினேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்.